பன்னிரண்டு பெட்டி றோல்ஸும் ஒரு தவக்காலப் பொய்யும்

விரதத்தைப் பற்றி எனக்கு ஒரே ஒரு உண்மை தெரியும். உண்மையாக விரதம் இருப்பவன் அதைப் பற்றி அதிகம் கதைக்கமாட்டான். அதிகம் கதைப்பவனுடைய சட்டைப் பையைச் சோதித்துப் பாருங்கள், உள்ளே ஏதாவது இருக்கும். (இதை நான் ஆராய்ச்சி செய்து கண்டுபிடிக்கவில்லை. அது என்னுடைய சொந்தச் சட்டைப் பைதான்.)

எண்பத்தாறாம் ஆண்டுத் தவக்காலத்தில் நான் மிக அதிகமாகக் கதைத்தேன். அப்போது எனக்கு இருபத்துநாலு வயது. டென்மார்க்குக்கு வந்து ஒன்றரை வருடம். பிரெடெரிசியாவில் என் பெரியம்மாவின் மகள் பிலோமினா அக்காவின் வீட்டில், மூன்றாம் மாடியில், இருந்தேன். நாங்கள் மன்னாரில் இருந்து வந்த கத்தோலிக்கக் குடும்பம். விபூதிப் புதனன்று நெற்றியில் சாம்பலோடு வீட்டுக்கு வந்த நான், யாரும் கேட்காமலே, "இந்த முறை நாப்பது நாளும் மச்சம் தொடமாட்டன்" என்று அறிவித்தேன். மச்சம் என்றால் எங்கள் ஊரில் மீன், இறைச்சி எல்லாம் அடங்கும். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கே பெரியம்மாவுக்குக் கடிதம் எழுதினார். "சேவியர் இஞ்சை வந்து திருந்திட்டான்" என்று அதில் ஒரு வரி இருந்தது. கடிதம் மன்னார் போய்ச் சேரும் முன்பே நான் விழுந்துவிட்டேன்.

விழுந்த இடம் தொழிற்சாலைக் கன்ரீன். அங்கே பொதி கட்டும் பகுதியில் எனக்கு வேலை. புதன் அறிவித்தேன், வியாழன் பாணும் ஜாமும் சாப்பிட்டேன், வெள்ளிக்கிழமை கன்ரீனில் பிரிக்கடெல்லர் போட்டார்கள். வெண்ணெயில் பொரித்த இறைச்சி உருண்டை அது. டெனிஷ்காரருக்கு அது உயிர். அந்த வாசம் வந்து என் தோளில் கை போட்டது. "ஒன்று மட்டும்" என்று தட்டை நீட்டினேன். பரிமாறிய அம்மா இரண்டு வைத்தார். இரண்டாவது கிழமை நான் கேட்காமலே மூன்று வைத்தார்.

அந்த அம்மாவின் பெயர் ஃப்ரூ ஹென்றிக்சன். (ஃப்ரூ என்றால் திருமதி.) பெரிய உடம்பு, பெரிய அகப்பை, பெரிய மனம். கன்ரீனில் யாராவது பசியோடு எழும்பினால் அது தனக்கு அவமானம் என்று நினைப்பவர். இவ்வளவும் நல்லதுதான். ஆனால் அவர் குடியிருந்தது எங்கள் வீட்டுக்கு நேர் கீழே, இரண்டாம் மாடியில்.

அன்று முதல் படிக்கட்டில் ஏறி இறங்குவதே எனக்குப் பெரும்பாடாகிவிட்டது. அவருடைய மரச்செருப்பின் சத்தம் கேட்டால் என் நெஞ்சு அதோடு சேர்ந்து தட்டும். நல்லகாலத்துக்கு, பிலோ அக்காவுக்கு அப்போது தெரிந்த டெனிஷ் மூன்று: வணக்கம், நன்றி, என்ன விலை. படியில் அவர்கள் இருவரும் சந்தித்தால் நான் நடுவில் பாய்ந்து மொழிபெயர்ப்பேன். "உங்கள் தம்பி நன்றாகச் சாப்பிடுகிறான், பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது" என்று ஃப்ரூ ஹென்றிக்சன் சொல்வார். "அக்கா, நாளைக்கும் குளிர் கூடவாம்" என்பேன் நான். அக்கா பக்தியோடு தலையை ஆட்டுவார். பிறகு மேலே வந்து, இறைச்சி சாப்பிடாத தம்பிக்கு உடம்பில் சத்து வேண்டுமே என்று சோயா மீற்றில் கறி வைப்பார். ஒவ்வொரு பின்னேரமும் எனக்கென்று தனியாக வைத்தார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இனி பரமேஸ் அண்ணை. யாழ்ப்பாணத்துச் சைவக்காரர், முட்டைகூடத் தொடாதவர். நகரத்தின் மறுகரையில் ஓர் அறையில் தனியே இருந்தார். மனைவி கமலா அக்காவும் நாலு வயது மகள் சுகியும் மெட்ராசில். மகளைக் கைக்குழந்தையாக விட்டுவிட்டு வந்தவர். இரண்டு பேருக்கும் டென்மார்க் விசா கிடைத்துவிட்டது. ஆனால் பங்குனி முடிவதற்குள் வந்து இறங்கிவிட வேண்டும், பிந்தினால் எல்லாம் முதலில் இருந்து தொடங்க வேண்டும். ரிக்கெற் வாங்கத்தான் வழியில்லை. அதற்காகத்தான் பிரெடெரிசியாத் தமிழர் எல்லோரும், சைவமும் வேதமும் (வேதம் என்றால் எங்கள் பக்கத்தில் கிறிஸ்தவம்) சேர்ந்து, முதல் முறையாக ஒரு சாப்பாட்டு விழா வைத்துக் காசு சேர்ப்பது என்று முடிவானது. கத்தோலிக்கக் கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை. டெனிஷ்காரருக்கு ஆட்டிறைச்சி றோல்ஸ், எங்கள் சைவச் சனத்துக்குச் சைவ றோல்ஸ். (கறியை மெல்லிய றொட்டியில் சுற்றிப் பொரிப்பதுதான் றோல்ஸ்.)

ஒரு சிக்கல் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கு முதல் நாள் சனி சிவராத்திரி. "வேறை நாள் தாங்கோ" என்று கேட்டோம். மண்டபப் பொறுப்பாளர் நாட்குறிப்பைப் புரட்டி, அடுத்த காலியான நாள் ஆனியில் என்றார். டெனிஷ்காரருடைய நாட்குறிப்பில் எழுதியதைக் கடவுளும் அழிக்க முடியாது. அதனால், உண்ணாத நாளில் சமைப்பது என்று பரமேஸ் அண்ணை ஒத்துக்கொண்டார். "சமைக்கிறதுதானே தங்கச்சி, சாப்பிடுறது இல்லையே" என்றார் பிலோ அக்காவிடம்.

வெள்ளி பின்னேரம் சமைப்பதற்கு அவர் எங்கள் வீட்டுக்கு வரும்போதே பனி கொட்டத் தொடங்கிவிட்டது. சிறிது நேரத்தில் பஸ் நின்றுபோனது. விழாவுக்கு ஆள் சேர்க்க விபோர்க் நகரத்துக்குப் போன அத்தான், அக்காவின் கணவர், அங்கேயே மாட்டிக்கொண்டார். ஆக, ஞாயிறு வரை வீட்டுக்குள் அடைபட்டது மூன்று பேர்: பிலோ அக்கா, பரமேஸ் அண்ணை, நான்.

வீட்டை இரண்டாகப் பிரித்தார்கள். குசினி மச்சம், முன்னறை சைவம். அக்கா குசினியில் கொத்திய ஆட்டிறைச்சி வதக்கினார். பரமேஸ் அண்ணை முன்னறையில் மின்சார அடுப்பை வைத்து, புத்தம் புதுச் சட்டியில், லண்டனில் இருக்கிற மைத்துனர் அனுப்பிய சோயா மீற்றைப் பிரட்டினார். ஒரு கரண்டி மற்ற அறைக்குப் போகக்கூடாது. றொட்டி மட்டும் எல்லோருக்கும் பொது. அண்ணைக்காக அக்கா அதில் முட்டையே சேர்க்கவில்லை. அண்ணையின் கறியில் அக்கா அரைத்த அதே யாழ்ப்பாணத்துத் தூள். இறக்கிய பிறகு அண்ணை சட்டியைக் காட்டி, "பாருங்கோ பிள்ளை, மச்சம் எண்டே நினைப்பீங்கள்" என்று பெருமைப்பட்டார். உண்மைதான், நிறம், தூள், துண்டின் அளவு எல்லாம் ஒன்று. அந்தப் பெருமை பின்னால் எங்கள் எல்லோரையும் எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

எனக்குக் கொடுத்த வேலை பெட்டியில் அடுக்குவது. தொழிற்சாலையில் மூன்று மாதம் பொதி கட்டியவன் அல்லவா? அந்தத் துறையில் உலகத்திலேயே என்னை விட்டால் ஆள் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"எடேய், மச்சத்தை நீட்டா உருட்டுவம், சைவத்தை முக்கோணமா மடிப்பம். பிறகு மாறாது" என்றார் அக்கா.

"அக்கா, அது பழைய முறை. டென்மார்க்கில எல்லாம் சிஸ்டம். லேபல் ஒட்டினாக் காணும். எல்லாம் ஒரே அளவு, ஒரே வடிவம். அப்பதான் பாக்க ஒரு தரம் இருக்கும்."

"லேபல் விழுந்தா?"

"லேபல் ஏன் அக்கா விழுது?" என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்கே என்னை அறையவேண்டும் போல் இருக்கிறது.

மச்சத்துக்குச் சிவப்பு லேபல், சைவத்துக்குப் பச்சை. வர்ணப் பேனையால் அழகாக எழுதினேன். எழுதி முடித்த பிறகு பார்த்தால் வீட்டில் பசை இல்லை. நான் அதற்கெல்லாம் கலங்குகிற ஆளா? அக்காவின் பானையில் இருந்து நாலு பருக்கை சோற்றை எடுத்து, விரலால் மசித்து ஒட்டினேன். ஊரில் வான்கடிதம் முதல் பள்ளிக்கூடக் கொப்பி வரை ஒட்டியது அதுதான். பெட்டிக்கு முப்பது றோல்ஸ், மொத்தம் பன்னிரண்டு பெட்டி. ஆறு மச்சம், ஆறு சைவம். குளிரூட்டி கைக்குட்டை அளவு. அதனால் பெட்டிகளைப் பல்கனியில் வைத்தேன். கடவுள் ஓசியாகத் தந்த பிறீசர் என்று அதற்கும் ஒரு பிரசங்கம் செய்தேன். முதலில் மச்சம் இடப்பக்கம், சைவம் வலப்பக்கம் என்றுதான் வைத்தேன். சனி காலை காற்று பனியை உள்ளே அள்ளிக்கொண்டு வந்தபோது, எல்லாவற்றையும் சுவரோரமாக மாற்றி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினேன். எது எங்கே போனது என்று பார்க்கவில்லை. லேபல் இருக்கும்போது மூளை எதற்கு?

காலை பதினொரு மணிக்குக் கடைசி றோல்ஸும் பெட்டிக்குப் போனது. பரமேஸ் அண்ணை தண்ணீர்கூடக் குடிக்காமல் நெற்றி நிறைய விபூதியோடு கதிரையில் சாய்ந்தார். ஒன்றரை மணிக்கு நான் என் சிஸ்டத்தை ரசிக்கலாம் என்று பல்கனிக் கதவைத் திறந்தேன்.

பன்னிரண்டு பெட்டியும் இருந்தன. லேபல் ஒன்றும் இல்லை. உறைந்த சோறு பட்டாணி போல் உதிர்ந்து, லேபல்கள் எல்லாம் ஒரு மூலையில் பனிக்குள் குவிந்து கிடந்தன. நனைந்ததில் சிவப்பும் பச்சையும் கலந்து, ஒரே மண் நிறத்தில் என்னைப் பார்த்தன.

முதலில் நான் செய்தது என்ன தெரியுமா? கதவை மெல்லச் சாத்திக்கொண்டு, ஞாபகத்தில் இருந்து பெட்டிகளைப் பிரிக்கப் பார்த்தேன். இது மச்சமாக இருக்கவேண்டும், இது சைவம் போல் இருக்கிறது. புதிதாக நாலு லேபல்கூட எழுதிவிட்டேன். ஐந்தாவதை எழுதும்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பரமேஸ் அண்ணை நின்றார்.

"தம்பி, லேபல் எங்கை?"

நான் காலடியைக் காட்டினேன்.

அவர் ஒரு பெட்டியைத் திறந்து, ஒரு றோல்ஸை எடுத்து இரண்டாகப் பிளந்தார். இன்னொரு பெட்டியிலும் ஒன்று. இரண்டு பாதிகளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், மணந்து பார்த்தார். உறைந்த கறிக்கு மணம் ஏது? "மச்சம் எண்டே நினைப்பீங்கள்" என்று சொன்ன மனிதர் தன்னுடைய சோயா எது என்று தெரியாமல் நின்றார்.

பிலோ அக்கா ஓடிவந்தார். மணியைப் பார்த்தார். கடைகள் பூட்டி அரை மணித்தியாலம், இனித் திங்கட்கிழமைதான் திறக்கும். லண்டன் சோயாவும் வீட்டுச் சோயாவும் முடிந்துவிட்டன. திரும்பச் செய்ய வழியே இல்லை.

"எல்லாத்தையும் மச்சம் எண்டு டெனிஷ்காரருக்கே வித்தால்?" என்றேன்.

"வாற சனத்தில பாதிச் சனம் சைவம். விபோர்க்கில இருந்து ரெயின் பிடிச்சு வாறவைக்கு என்ன குடுக்கிறது, பனியோ?" என்றார் அக்கா.

பரமேஸ் அண்ணை குரலை உயர்த்தவில்லை. "தங்கச்சி, எது எண்டு தெரியாத பெட்டி ஒண்டும் மேசைக்கு வரக்கூடாது. என்னை நம்பித்தான் சைவச் சனம் வாய் வைக்குது. என்ரை பிள்ளையைக் கூப்பிடுறதுக்காக அவையின்ரை விரதத்தை நான் முறிக்க ஏலாது."

"ஆராவது ருசி பாத்தால் தெரிஞ்சிடும்" என்றார் அக்கா.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பரமேஸ் அண்ணை பிறந்தது முதல் சைவம், அன்றைக்குப் பச்சைத் தண்ணீரும் இல்லை. அக்கா தவக்காலத்தில் மச்சம் தொடுவதில்லை என்று தாயின் தலையில் அடித்துச் சத்தியம் செய்தவர். பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"சேவியரும் பாவம், நோன்பெல்லே" என்றார் அக்கா பரிவோடு.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். (அடக்கமாகத் தெரிந்திருக்கும்.)

அக்கா ரெலிபோனில் ஊர்த் தமிழரையெல்லாம் பிடித்தார். சைவக்காரர் எல்லாம் சிவராத்திரி, வேதக்காரர் எல்லாம் தவக்காலம். அந்த ஒரு நாள் பிரெடெரிசியாவில் ஒரு துண்டு இறைச்சி வாயில் வைக்கக்கூடிய தமிழன் ஒருவன்கூட இல்லை. அதாவது, ஒருவன் இருந்தான். ரெலிபோனுக்குப் பக்கத்தில் நின்று வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

அக்கா திடீரென்று தரையைக் காட்டினார். "கீழை இருக்கிற மனுசி!"

"வேண்டாம் அக்கா!" என்று நான் போட்ட சத்தத்தில் பரமேஸ் அண்ணை நிமிர்ந்தார்.

"ஏனடா?"

"அவவுக்கு... உறைப்பு ஒத்துக்கொள்ளாது. நெஞ்சு வருத்தம் வேறை. நித்திரையா இருப்பா. எங்களோடை கோவம்."

நாலு காரணம் ஒன்றாகச் சொன்னால் ஒன்றும் எடுபடாது என்று அப்போது எனக்குத் தெரியாது. அக்கா சால்வையைப் போர்த்திக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். இரண்டு நிமிடத்தில் படியில் மரச்செருப்புச் சத்தம் கேட்டது. ஒவ்வொரு படியாக ஏறி வந்தது.

ஃப்ரூ ஹென்றிக்சன் தன் வீட்டுக் கத்தியும் முள்ளும் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, "சேவியர்!" என்றார். விசயத்தைச் சொன்னேன். பள்ளிக்கூட நாடகத்தில் நல்ல வேடம் கிடைத்த குழந்தை போல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அக்கா பெட்டிக்கு ஒன்றாக எடுத்துப் பொரித்துக் கொண்டுவந்து வைத்தார். அந்தத் தாச்சி இனி மச்சத் தாச்சி என்று சொல்லி வேறாக்கியும் வைத்தார். பரமேஸ் அண்ணை மேசைக்கு எதிரே கைகட்டி நின்றார்.

முதலாம் பெட்டி. வெட்டினார், பாதியைச் சாப்பிட்டார், கண்ணை மூடினார். "இறைச்சி" என்றார் டெனிஷில். இரண்டாவது? "இறைச்சி." மூன்று, இறைச்சி. நாலு, மிக நல்ல இறைச்சி. ஐந்தாவதிலும் இறைச்சி. முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர் வந்தது. ஒரு கோப்பை பால் குடித்துவிட்டு ஆறாவதை வெட்டினார். இறைச்சி.

"மச்சம் ஆறும் முடிஞ்சுது! இனி மிச்சம் முழுக்கச் சைவம்!" என்று அக்கா கைதட்டினார். பரமேஸ் அண்ணையின் முகத்தில் அன்றைக்கு முதல் முறையாக ஒரு சிரிப்பு வந்தது.

ஏழாவது பெட்டி. நீண்ட நேரம் மென்றார். நாங்கள் மூச்சு விடவில்லை.

"இறைச்சி" என்றார் ஃப்ரூ ஹென்றிக்சன்.

சிரிப்பு இருந்த இடம் தெரியாமல் போனது. அந்த மனுசிக்கு எல்லாமே இறைச்சிதான். அண்ணை அவ்வளவு நன்றாகச் சமைத்திருந்தார்.

ஃப்ரூ ஹென்றிக்சனுக்கும் கவலையாகிவிட்டது. வாயைத் துடைத்துக்கொண்டு, என்னைச் சுட்டி, படபடவென்று சொன்னார்: "என்னை ஏன் கேட்கிறீர்கள்? உங்கள் உறைப்பும் தெரிந்து, இறைச்சியும் தெரிந்த ஆள் இவன்தானே! ஒவ்வொரு நாளும் என்னிடம் பிரிக்கடெல்லர் சாப்பிடுகிறானே, புதன்கிழமைகூட மூன்று!"

அந்தச் சொல் அறையில் மணி அடித்தது போல் கேட்டது. டென்மார்க்கில் காலடி வைத்த மறுநாளே எவருக்கும் தெரிந்துவிடுகிற சொல் அது.

"பிரிக்கடெல்லரோ?" என்றார் அக்கா. "என்னவாம்?"

பரமேஸ் அண்ணையின் டெனிஷும் அக்காவின் அளவுதான், இருவரும் என் வாயைப் பார்த்தார்கள். நான் சொன்னேன்: "பிரிக்கடெல்லர் எண்டாத் தன்னால சொல்ல ஏலுமாம். இது புதுச் சாப்பாடு எண்டபடியா ஏலாதாம்."

நம்பினார்கள். அதுதான் பெரிய கொடுமை. அக்கா "பாவம் மனுசி" என்றுகூடச் சொன்னார். நான் தப்பிவிட்டேன்.

பரமேஸ் அண்ணை பல்கனிக்குப் போய், இரண்டு பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து, வெளிக்கதவை நோக்கி நடந்தார். குப்பைத்தொட்டி கீழே முற்றத்தில் இருந்தது.

"அண்ணை, எங்கை போறியள்?" என்றார் அக்கா.

"பரவாயில்லைப் பிள்ளை. ஆனியில மண்டபம் இருக்கெண்டவை தானே. இன்னொருக்கா விசாவுக்கு எழுதிப் பாப்பம். சுகி சின்னப் பிள்ளை, காத்திருக்கும்."

இதுவரை அந்தப் பிள்ளை காத்திருந்ததற்குக் காரணம் அரசாங்கம், தூரம், காசு. இனிமேல் காரணம் நான், என்னுடைய மூன்று பிரிக்கடெல்லர். ஓடிப்போய்க் கதவுக்குக் குறுக்கே நின்றேன்.

"அண்ணை, வையுங்கோ. நான் சாப்பிட்டுச் சொல்லுறன்."

"உமக்கு நோன்பெல்லே தம்பி."

"இல்லை அண்ணை. நான்... மச்சம் சாப்பிடுறனான். கன்ரீனில. ஒவ்வொரு நாளும். அவ சொன்னது அதுதான்."

சாமியார் முன் முழங்காலில் இருந்தபோதுகூட நான் அவ்வளவு தெளிவாகப் பாவசங்கீர்த்தனம் செய்ததில்லை. அக்கா கரண்டியைக் கீழே வைத்தார்.

"எப்பையிருந்து?"

"விபூதிப் புதனுக்கு அடுத்த வெள்ளி."

"வெள்ளியோ!" என்றார் அக்கா. தவக்காலத்தில் இறைச்சி தின்றது ஒன்று, வெள்ளிக்கிழமை தின்றது இன்னொன்று. "நான் சோயா அவிச்சு அவிச்சுத் தந்தது?"

"அதையும் சாப்பிட்டனான் அக்கா."

ஃப்ரூ ஹென்றிக்சன் ஒன்றும் விளங்காமல், ஆனால் தன்னுடைய யோசனை எடுபட்டுவிட்டது என்று கண்டு, கதிரையை எனக்குத் தந்து என் முதுகில் தட்டினார்.

உட்கார்ந்தேன். ஏழு பாதி றோல்ஸ், ஐந்து முழு றோல்ஸ். மூன்றரைக் கிழமையாகப் பகலில் இறைச்சியும் பின்னேரம் சோயாவும் தின்ற நாக்கு அது. அந்த நாட்டிலேயே இந்தப் பரீட்சைக்கு வேறு யாரும் அவ்வளவு தயாராகி இருந்திருக்கமாட்டார்கள். இறைச்சிக் கொழுப்பு நாக்கில் ஒட்டும், சோயா ஒட்டாது. கடித்தேன், மென்றேன், சொன்னேன். பரமேஸ் அண்ணை கடதாசியில் குறித்தார். ஒவ்வொரு கடிக்கும் அவர் பார்வை என் தாடையோடு சேர்ந்து அசைந்தது. அக்கா வேறு பக்கம் திரும்பி நின்றார்.

முடிவில் எண்ணிப் பார்த்தார். "மச்சம் ஏழு. சைவம் அஞ்சு."

ஆறுக்கு ஆறு வரவேண்டும். எங்கேயோ ஒன்று பிழை. ஃப்ரூ ஹென்றிக்சன் மிச்சப் பாலை என் பக்கம் தள்ளினார். வாயைக் கொப்பளித்து, மச்சம் என்று சொன்ன ஏழையும் திரும்பத் தொடங்கினேன். வயிறு கல்லாகிவிட்டது, காதில் இருந்து புகை வராத குறை. மூன்றாம் பெட்டித் துண்டை மெல்ல மெல்ல மென்றேன். நாக்கில் ஒன்றும் ஒட்டவில்லை.

"அண்ணை, இது சைவம்."

"நிச்சயமோ தம்பி?"

"நிச்சயம் அண்ணை."

"என்னட்டையும் மூண்டரைக் கிழமையா நிச்சயமாத்தான் சொன்னவன்" என்றார் அக்கா சுவரைப் பார்த்து.

பரமேஸ் அண்ணை பேனையை எடுத்தார். "பிள்ளை, தப்பினவன் திரும்பி வந்து தானாப் பிடிபட்டிருக்கிறான். இந்த வாயை நான் நம்புறன்" என்று சொல்லி, கடதாசியில் மூன்றுக்கு எதிரே இருந்ததை வெட்டித் திருத்தினார். அக்கா தன்னுடைய பழைய பச்சைச் சேலையைக் கிழித்து, ஆறு சைவப் பெட்டியையும் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினார். முடிச்சு ஒவ்வொன்றும் என் கழுத்தை நினைத்துப் போட்டது போல் இருந்தது.

ஞாயிறு பனி வழித்து வீதி திறந்தது. அத்தான் விபோர்க் சனத்தோடு பிந்தியென்றாலும் வந்து சேர்ந்தார். ஃப்ரூ ஹென்றிக்சன் கன்ரீன் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு எங்கள் மேசையிலேயே நின்றார். வந்த டெனிஷ்காரரிடமெல்லாம் பச்சைச் சேலை கட்டிய பெட்டிகளைக் காட்டி, அதிலும் மிக நல்ல இறைச்சி இருக்கிறது என்று சொன்னதால், அந்த மனுசியைப் பிடித்து இறைச்சிப் பக்கத்திலேயே நிறுத்தி வைக்க ஓர் ஆளைப் போட வேண்டியிருந்தது. (அந்த ஆள் நான்தான். அன்றைக்கு வேறு எந்த வேலைக்கும் அக்கா என்னை நம்பவில்லை.) பின்னேரம் பன்னிரண்டு பெட்டியும் காலி. பங்குனி முடிய நாலு நாள் இருக்கும்போது கமலா அக்காவும் சுகியும் வந்து இறங்கினார்கள். புகையிரத நிலையத்தில், முகம் மறந்துபோன தகப்பனைக் கண்டு பயந்து சுகி அழுதாள். பரமேஸ் அண்ணையும் அழுதார். நானும் அழுதேன், சொல்வதற்கு என்ன.

பெரியம்மாவுக்கு அக்கா இரண்டாவது கடிதம் எழுதினார். அதில் என்ன இருந்தது என்று எனக்குக் காட்டவில்லை. பதிலாக, மன்னாரில் இருந்து எனக்கு ஒரு செபமாலை வந்தது.

அதன் பிறகு பிரெடெரிசியாத் தமிழருக்கு நான் பிரிக்கடெல்லர் சேவியர். பிறந்தநாள், பூப்புனித நீராட்டு, கலியாணம், எதுவானாலும் றோல்ஸ் தட்டம் மேசைக்கு வரமுன் என்னிடம் வரும். சுகி இப்போது ஹ்விடோவ்ரேயில் பல்வைத்தியர். தன்னுடைய கலியாணத்தன்று மணவறையில் இருந்தபடியே, "சேவியர் மாமா கடிச்சுப் பாத்தாச்சோ?" என்று டெனிஷில் கத்தினவள். என்னுடைய பல்லைப் பார்க்கும்போதெல்லாம், தன் குடும்பம் சேர்ந்ததே இந்தப் பல்லால்தான் என்று சொல்லிக்கொண்டு துளைப்பாள்.

போன வருடம் பரமேஸ் அண்ணையின் எண்பதாவது பிறந்தநாளும் தவக்காலத்தில்தான் வந்தது. நான் இப்போதெல்லாம் உண்மையாகவே நோன்பு இருக்கிறேன். இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டது. அதைப் பற்றி யாரிடமும் கதைப்பதில்லை. சுகி தட்டத்தோடு என் முன்னால் வந்து நின்றாள்.

"பிள்ளை, நான் நோன்பு" என்றேன்.

மண்டபம் முழுக்கச் சிரித்தது. பிலோ அக்கா கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். நான் சத்தியம் செய்தேன், இன்னும் சிரித்தார்கள். அந்தக் கோடியில் பரமேஸ் அண்ணை மட்டும் சிரிக்கவில்லை. அவர் முன்னால் தட்டில் அதே தட்டத்து றோல்ஸ் ஒன்று இருந்தது. அதைத் தொடாமல், கையை மடியில் வைத்துக்கொண்டு, என் வாயைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு கடித்தேன். மெல்ல மென்றேன். நாக்கில் ஒன்றும் ஒட்டவில்லை.

"சைவம், அண்ணை" என்றேன்.

அவர் தன்னுடையதை எடுத்துச் சாப்பிடத் தொடங்கினார்.